வாங்கும்போது கிடைத்த நாற்காலி

பெருவிலை கொடுத்துச் சாமான் வாங்கப் போகிறவனுக்குக் கடையில் நடக்கும் உபசாரத்தைப் பற்றிப் பலர் பெருமையாகப் பேசக் கேட்டிருக்கின்றோம். அதே சாமான் பழுதுபட்டு, அதைக் கையில் ஏந்திக்கொண்டு அதே கடைக்குத் திரும்பிச் சென்றவனுக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் தாமாகச் சொல்லக் கேட்டதில்லை. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு அவமானப்பட்டு வந்தோம் என்று ஊரறியச் சொல்ல எவருக்கு மனம் வரும்? நமக்கும் வரவில்லை. வெகுநாள் வாய்மூடியிருந்த பிறகே இதை எழுதத் துணிந்தோம். கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. கைப்பை, காலணி, பிரயாணப் பெட்டி, கார் என்று எது பழுதுபட்டவரை நாம் விசாரித்தாலும் கதையின் போக்கு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கின்றோம்.

நாம் யார் என்பதை முன்னமே சொல்லிவிடுவது முறை. ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பட்டணத்துக்கு அப்பாலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கின்றோம். சிறுவயதில் ஜொகூர் பாருவில் மாமா வீட்டில் தங்கி, இருட்டோடு எழுந்து, பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அந்தப் படிப்பு நம்மைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோகும் என்று மாமா நம்பினார். அது நம்மைத் தோட்டத்துக்கே திரும்பக் கொண்டுவந்து, ஆபிசுக்கு உட்புறம் உட்கார வைத்தது. அதில் நமக்கு வருத்தமில்லை. ஆங்கிலம் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவனுக்கு எந்தக் கடையிலும் மரியாதை கிடைக்கும் என்றொரு நம்பிக்கையும் அந்தப் பள்ளியிலிருந்து நம்மோடு வந்தது. அந்த நம்பிக்கைக்கு நேர்ந்த கதியையும் இங்கே சொல்லுவோம்.

நமது தந்தையார் 1980-ஆம் ஆண்டு தமது 17-ஆம் வயதில் இதே தோட்டத்தில் பால் வெட்டத் தொடங்கியவர். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபின் குலை வெட்டினார். கடைசிப் பத்தாண்டு மண்டோராக இருந்தார். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் 60 வயது நிரம்பி ஓய்வு பெற்றார். ஆக 43 ஆண்டு ஒரே தோட்டம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பட்டணத்து வாசகருக்காகச் சொல்லுகின்றோம். லயத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்நாளில் நேரம் என்பது சொந்தச் சொத்தாக இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டு மணி அடித்தால் எழவேண்டும், அவ்வளவே. நேரம் துரையின் கையிலும், கிராணியின் கையிலும், ஆபிஸ் சுவரிலும் இருந்தது. "மணி என்னா ஆச்சுன்னு கேக்கக்கூட பயமா இருக்கும்" என்று தந்தையார் ஒருமுறை சொன்னதுண்டு. ஆகவே அவர் ஓய்வு பெறும்போது ஒரு கைக்கடிகாரம், அதுவும் துரைமார் கட்டுகின்ற ஜாதியில் ஒன்று, அவர் கையில் கட்டிப் பார்க்கவேண்டும் என்று நாம் மூன்றாண்டுக்கு முன்பே மனத்தில் தீர்மானித்துப் பணம் சேர்த்தோம். அதன் விலை 11,400 வெள்ளி. 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி என்னும்போது, ஒரு தொழிலாளியின் ஆறு மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகை அது. ஆடம்பரப் புத்தி என்று வாசகர் கூறினால் நாம் மறுக்கப் போவதில்லை. நம் மனைவியும் அதையேதான் கூறினாள்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய அங்காடிக்குள் இருந்தது அந்தக் கடை. வாசலில் காவலர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே காலடி வைத்ததும் தந்தையார் செருப்பைக் கழற்றப் போனார். நாம் கையைப் பிடித்துத் தடுத்தோம். விற்பனை செய்த பெண் நம்மவர். தந்தையாரைப் பார்த்ததும் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டு, "உக்காருங்க அங்கிள்" என்று வெல்வெட்டு மெத்தை போட்ட நாற்காலியை இழுத்துப் போட்டாள். காப்பி வந்தது, சிறு தட்டில் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. அந்தப் பெண் கடிகாரத்தை எடுத்து, காய்ப்பேறிய தந்தையாரின் கையை மெல்லப் பிடித்துக் கட்டிவிட்டு, அது தினமும் சாவி கொடுக்கவேண்டிய வகை என்றும், உள்ளேயிருக்கும் சக்கரம் மணிக்கு 28,800 தடவை அசைகின்றது என்றும் விளக்கினாள். நாம் மனத்துக்குள் கணக்குப் போட்டோம். நாளொன்றுக்கு 691,200 தடவை. கிராணியின் புத்தி அப்படி. தந்தையார் அதைக் காதில் வைத்துக் கேட்டு, "நல்லா ஓடுது" என்று மட்டும் சொன்னார். இரண்டாண்டு உத்தரவாதச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது மானேஜரும் வந்து வாசல்வரை வழியனுப்பினார்.

நிற்க. 2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31-இல் வந்தது. காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்ற தந்தையாரின் கையில் பழைய ஜப்பான் கடிகாரம் இருக்கக் கண்டோம். கேட்டதற்கு, "அது கெடக்கு" என்றார். இரண்டாம் முறை கேட்டபோது எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்திருந்தது. முள்கள் நாலு மணி பத்து நிமிஷத்தில் நின்றிருந்தன. நின்று மூன்று வாரமாயிற்றாம். மூன்று வாரமும் அவர் அதை நமக்குச் சொல்லவில்லை.

"நான்தான் என்னமோ செஞ்சிட்டேன் போல, தம்பி. கோழிக்குத் தீனி வச்சிட்டு அதோடயே கை கழுவியிருக்கேன்" என்றார். அவர் முகத்தை அப்போது பார்க்க நமக்குச் சகிக்கவில்லை. கடிகாரத்தின் முதுகில் 30 மீட்டர் வரை நீர் புகாது என்று பொறித்திருக்கின்றது. அதை நம்பிக் கடலுக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். அந்த எண் பரிசோதனைச் சாலையில் அழுத்தத்தை அளப்பதற்கான கணக்கு. நீந்துவதற்கு ஆகாது, மழைத்தூறலையும் கை கழுவுவதையும் தாங்கும் என்றே கடிகாரக்காரர்கள் பொருள் சொல்லுகின்றார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், தந்தையார் செய்ததெல்லாம் கை கழுவியது ஒன்றுதானே!

தீபாவளி கழிந்த மறுவாரம், குளுவாங் கடைத்தெருவில் 40 ஆண்டாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு சீனக் கிழவரிடம் போனோம். பெட்டிக்கடை அளவே உள்ள இடம். அவர் கண்ணில் பூதக் கண்ணாடியை வைத்து, சாவி கொடுக்கும் திருகைப் பார்த்தார், விரலால் தொட்டு அழுத்தினார், மறுபடி பார்த்தார். அந்தத் திருகு தன் இடத்தில் முழுதாய் உட்காரவில்லை, அதைச் செருகும் குழலும் உள்ளேயுள்ள ரப்பர் வளையமும் முதலிலிருந்தே சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கின்றது, தினமும் சாவி கொடுக்கக் கொடுக்க ஈரம் போக வழி உண்டாகியிருக்கும் என்று மலாயில் சொன்னார். நூலளவு ரப்பர் வளையம்! பால் வெட்டியே காலம் கழித்தவரின் கடிகாரம் அதனாலா நிற்கவேண்டும் என்று தோன்றியது. (அந்த ரப்பரும் மரத்துப் பாலில் செய்ததன்று, செயற்கை ரப்பர் என்பர்.) திறந்து சரிசெய்து தர முடியுமா என்று கேட்டோம். கிழவர் கையை ஆட்டினார். திறந்தால் பழியை எல்லாம் தம் தலையில் போட்டுவிடுவார்கள் என்றும், அன்றியும் இந்தக் கம்பெனி தம்மைப் போன்றவர்களுக்கு உதிரிப் பாகம் விற்பதில்லை என்றும் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. நாம் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு, தாம் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தள்ளிக் கொடுத்ததையும் இங்கே எழுதவேண்டும்.

உதிரிப் பாகம் விற்க மாட்டார்கள் என்றது நமக்குப் புதுமையாக இருந்தது. படித்துப் பார்த்தோம். இது பெரிய வழக்காகவே நடந்திருக்கின்றது. ஐரோப்பாவில் கடிகாரம் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. சுவிட்சர்லாந்து முதலிய நாட்டுக் கடிகாரக் கம்பெனிகள் உதிரிப் பாகங்களைத் தம் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளுக்கே கொடுத்துத் தனித்தொழிலாளரைப் பட்டினி போடுகின்றன என்பது முறையீடு. ஆணையம் 2008-இல் அதைத் தள்ளியது. 2010-இல் நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. ஆணையம் திரும்பவும் விசாரித்து 2014-இல் மீண்டும் தள்ளியது. 2017-இல் நீதிமன்றமும் அதைச் சரியென்றது. நுட்பமான கடிகாரத்தைத் தேர்ந்தவர்களே தொடவேண்டும், போலிப் பாகங்கள் புகுந்துவிடக் கூடாது என்று கம்பெனிகள் சொல்லும் காரணத்தில் நியாயம் சிறிதும் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதன் பலன் என்ன? குளுவாங் கிழவர் கைகட்டி நிற்கின்றார். நாம் வேறு போக்கிடமின்றி, விற்றவனிடமே பழுதுபார்க்கவும் போகவேண்டியிருக்கின்றது. வேறு போக்கிடமில்லை என்று தெரிந்தவனிடம் எவன் பணிவாகப் பேசுவான்?

கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினோம். தந்தையாரும் வந்தார், வரவேண்டாமென்றும் கேட்கவில்லை. இம்முறை வெல்வெட்டு நாற்காலிப் பக்கம் நம்மை விடவில்லை. பழுதுபார்க்கும் பகுதி மேல்மாடியில், ஆபிஸ்கள் இருக்கும் தாழ்வாரத்தின் கோடியில் என்று கையைக் காட்டினார்கள். அங்கே ஒரு முகப்பு, ஒரு கண்ணாடித் தடுப்பு, எண் சீட்டு கொடுக்கும் இயந்திரம். நாற்காலிகள் இரண்டே, இரண்டிலும் ஆட்கள். தந்தையார் முக்கால் மணி நேரம் சுவரோரமாக நின்றார். நம் முறை வந்தபோது கையுறை போட்ட ஓர் இளைஞர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, பனி படிந்திருந்ததைக் கண்டவுடன், "தண்ணீரில் போட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாம் நமது சிங்கப்பூர் ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, இலக்கணப் பிழையின்றி, திருகின் குறையை விவரித்தோம். அவர் நம்மைப் பேசவிட்டுப் பேசவிட்டு, கடைசியில், "தலைமை நிலையத்துக்கு அனுப்புகின்றோம். அவர்கள் சொல்லுவார்கள். ஆறு முதல் எட்டு வாரம்" என்றார். வாங்கும்போது நம் ஆங்கிலத்தைப் பாராட்டியவர்கள் இவர்களே. விற்பனைக்கு ஆங்கிலம் உதவுகின்றது. முறையீட்டுக்கு எந்தப் பாஷையும் ஒன்றே போலும்.

தந்தையார் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தார். "வா தம்பி, போவோம். நமக்கு எதுக்கு இந்த வம்பு" என்றார்.

மின்தூக்கியின் அருகே அந்த விற்பனைப் பெண் வேறொரு வாடிக்கைக்காரரை அழைத்துக்கொண்டு எதிரே வந்தாள். நம்மைக் கண்டுகொள்ளாதவள் போல் கடந்து போனாள். நாம் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் கதவு மூடுமுன் ஓடிவந்து, தமிழில், தாழ்ந்த குரலில், "அண்ணா, ரிப்போர்ட்ட எழுத்துல கேளுங்க. என்னென்ன மாத்துறாங்கன்னு லிஸ்ட் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். இந்தக் கதையில் நமக்கு உதவியாய் அந்தக் கடையிலிருந்து வந்த வார்த்தை அது ஒன்றே. அவள் பெயரும் நமக்குத் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில், சிரம்பான் தாண்டியபிறகு, தந்தையார் தாமாகவே பேசினார். பால் வெட்டிய காலத்தில் மத்தியானம் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் நிறுப்பார்களாம். தராசு கிராணியின் பக்கம் இருக்கும். வெட்டியவன் இந்தப் பக்கம் நிற்பான். வாளி நிறையக் கொண்டு போனாலும் தண்ணீர் கலந்திருக்கின்றது என்று சொல்லி எடையைக் குறைத்து எழுதுவது உண்டாம். "தண்ணி கலக்கலைன்னு சொல்லிப் பாத்தோம். தராசு அவங்க கையில, புஸ்தகம் அவங்க கையில. அப்புறம் சொல்றத விட்டுட்டோம்" என்றார். சற்றுப் பொறுத்து, "இவனும் அதேதான் சொல்றான் பாத்தியா, தண்ணின்னு" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகம் இப்போது நம் கையிலல்லவா இருக்கின்றது!

இதை எழுதுவது நமக்கு எளிதாக இல்லை. ஆயினும் விடுவதற்கில்லை. அந்த இளைஞர் சொன்ன வாசகம் நமக்கு மிகவும் பழக்கமான வாசகம். தோட்டத்து ஆபிசில் நமது முகப்பிலும் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. சம்பளத்தில் குறை இருக்கின்றது என்று வருகிறவர்களுக்கு, "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், வரும்" என்று நாம் சொல்லுவோம். ஒருமுறை சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள். அது வசதியான வாசகம். அப்போது மருந்தடிக்கும் ஒரு மூதாட்டியின் மிகைநேரக் கூலி 46 வெள்ளி மூன்று மாதமாக நம் மேசையில் கிடந்தது. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று அவளிடம் சொல்லியிருந்தோம். உண்மையில் எழுதவில்லை. மறுநாள் காலை அந்தக் காகிதத்தை எடுத்து, ஐந்து நிமிஷத்தில் முடித்து, பணத்தை அந்த மாதச் சம்பளத்திலேயே சேர்த்தோம். அவள் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "மேலெடத்துல இருந்து வந்திருச்சா ஐயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றோம்.

கடைக்காரரின் கதைக்குத் திரும்புவோம். எட்டு வாரம் போய்ப் பதினோராவது வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. அதற்கு முன்பு நாம் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் நமது பொறுமைக்கு நன்றி என்ற ஒரே பதில் வந்திருந்தது. பொறுமையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லுவது இக்காலத்து வியாபார நாகரிகம்! இந்த மின்னஞ்சல் நீண்டது. ஈரம் புகுந்ததால் இயந்திரம் துருப்பிடித்திருக்கின்றது. இது உபயோகிப்பவரின் கையாளுகையால் நேர்ந்தது. ஆதலின் உத்தரவாதத்தில் அடங்காது. பழுதுபார்க்க 2,960 வெள்ளி. 30 நாளில் சம்மதம் தெரிவிக்காவிடில் கடிகாரம் உள்ளபடியே திருப்பி அனுப்பப்படும்.

இதைத் தந்தையாருக்கு நாம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. அவர் கேட்டார், மறைக்க முடியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். 2,960 வெள்ளியை எப்படியாவது புரட்டிவிடலாம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் இருக்கின்றது. ஆனால் 43 ஆண்டு ஒரு மரத்தையும் கருவியையும் பாழாக்காத மனிதர், தமக்கென்று மகன் வாங்கிக் கொடுத்த ஒரே உயர்ந்த பொருளைத் தாமே கெடுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு மிச்ச நாளைக் கழிப்பதா? அந்த ஒரு வரியை அழிக்காமல் விடுவதில்லை என்று அன்றிரவு முடிவு செய்தோம்.

அந்தப் பெண் சொன்னபடி, மாற்றப்போகும் பாகங்களின் ஜாபிதாவை எழுத்தில் கேட்டோம். இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை அனுப்பினார்கள். ஜாபிதாவைப் படிப்பது நமது தொழில். அதில் முதல் வரி: சாவித் திருகும் அதன் குழலும் புதிதாக மாற்றுதல். குளுவாங் கிழவர் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்ன அதே இடம்! திருகும் குழலும் நன்றாக இருந்தன, தந்தையார்தாம் தண்ணீரைப் புகுத்தினார் என்றால், அவற்றை முதலாவதாக மாற்றுவானேன்? இக்கேள்வியை எழுதிக் கேட்டதற்கு மட்டும் பதில் வரவேயில்லை.

இந்நாட்டில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்றொன்று இருப்பதை நாம் பெயரளவில் அறிந்திருந்தோம். இப்போது உட்கார்ந்து படித்தோம். விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்கவேண்டும் என்பது அச்சட்டமே தரும் உத்தரவாதம். கம்பெனி தன் சீட்டில் சிறிய எழுத்தில் என்ன எழுதிக்கொண்டாலும் அதை நீக்க முடியாது. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்வதும் பொருளைச் செய்தவரின் கடமையாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. தரம் என்பதை அளக்கும்போது விலையையும் கருதவேண்டும் என்று அச்சட்டம் சொல்லுவது நமக்கு மிகவும் பிடித்தது. 40 வெள்ளிக் கடிகாரம் பத்து மாதத்தில் நின்றால் ஒரு கணக்கு. 11,400 வெள்ளிக் கடிகாரம் நின்றால் வேறு கணக்கு.

அச்சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றமும் ஒன்று உண்டு. மலாயில் திரிபுனல் என்பார்கள். தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளையே அது விசாரித்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 50,000 வரை விசாரிக்கின்றது. கட்டணம் 5 வெள்ளி. வாசகர் ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும்: 5 வெள்ளி. குறை ஏற்பட்ட மூன்றாண்டுக்குள் போகவேண்டும். இருதரப்பிலும் வக்கீல் வந்து நிற்பதற்கில்லை. பெரிய கம்பெனியாயினும் தன் சிப்பந்தியைத்தான் அனுப்பவேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும். சிங்கப்பூர் வாசகருக்கு அங்கே சிறுவழக்கு நடுவர் மன்றம் இருக்கின்றது. 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், இருவரும் சம்மதித்தால் 30,000. அன்றியும் 2012 செப்டம்பர் முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கருதப்படும்; இல்லையென்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஆனால் கம்பெனியின் ஜாபிதாவே நம் கையில் இருந்தது.

மனுவில் எவ்வளவு கேட்பது என்று எழுதும் இடத்தில் தயங்கினோம். கடிகாரத்தை உத்தரவாதத்தின்படி இலவசமாகப் பழுதுபார்த்துத் தரவேண்டும், உபயோகிப்பவரின் கையாளுகையால் நேர்ந்தது என்ற வாசகத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்று எழுதினோம். பஸ் கட்டணம் கேட்கலாமே என்றாள் மனைவி. கேட்கவில்லை.

விசாரணை நாளன்று, 2025-ஆம் ஆண்டு நடுவில், தந்தையார் விடியுமுன் எழுந்து சலவைச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். மன்றம் என்றதும் கூண்டும் கறுப்பு அங்கியும் அவர் எதிர்பார்த்திருப்பார் போலும். அது சாதாரண அறை. மேசை, நாற்காலிகள். யாவர்க்கும் நாற்காலி இருந்தது. கம்பெனியின் சார்பில் ஓர் இளம் பெண்மணி தடித்த கோப்போடு வந்திருந்தார். மிகவும் களைத்த முகம். அவருக்கும் மேலே ஒரு மேலிடம் இருப்பதையும், அவர் சொல்லுவதெல்லாம் அங்கிருந்து வந்தவை என்பதையும் நாம் ஒரு நொடியில் கண்டுகொண்டோம். ஒரு கிராணியை இன்னொரு கிராணி அறிவான்.

விசாரணை தொடங்குமுன் சமரசத்துக்கு இடமுண்டா என்று தலைவர் கேட்டார். பெண்மணி ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். நல்லெண்ண அடிப்படையில், கம்பெனி தன் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், இலவசமாகப் பழுதுபார்த்துத் தரச் சம்மதிக்கின்றது. 2,960 வெள்ளி போயிற்று. நாம் எதற்காக வந்தோமோ அதில் பணத்தின் பங்கு முடிந்துவிட்டது. தந்தையாரின் காதில் மொழிபெயர்த்துச் சொன்னோம். உடனே தலையாட்டுவார், புறப்படலாம் என்று சட்டையை இழுப்பார் என்றே எண்ணினோம்.

அவர் கேட்டது வேறு. "அதுல என்னா எழுதியிருக்கு? நான் கெடுத்தேன்னு இருக்கா?"

அந்தக் கேள்வியை நாம் மலாயில் தலைவரிடம் அப்படியே சொன்னோம். தலைவர் பெண்மணியைப் பார்த்தார். பழைய மின்னஞ்சலில் உள்ளது தம் கையில் இல்லை என்று அவர் ஆரம்பித்தார். நாம் ஜாபிதாவை மேசைமேல் வைத்து முதல் வரியைச் சுட்டினோம். திருகை ஏன் மாற்றுகின்றீர்கள் என்று தலைவர் கேட்டார். அவர் கோப்பைப் புரட்டினார். வெளியே போய்ப் பத்து நிமிஷம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு சமரச உடன்படிக்கை இவ்வாறு எழுதப்பட்டது: சாவித் திருகும் குழலும் உத்தரவாதத்தின்படி மாற்றித் தரப்படும், முந்திய கடிதத்தில் உபயோகிப்பவரின் கையாளுகை பற்றிய வாசகம் திரும்பப் பெறப்படுகின்றது. மன்றத்தில் பதியப்பட்ட சமரசத்துக்குத் தீர்ப்பின் பலமே உண்டு. கையொப்பமிட்டோம். கம்பெனி தவறு செய்தது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அதைக் கேட்டு இன்னொரு மாதம் அலையலாமா என்ற எண்ணம் நமக்கு ஒரு கணம் எழுந்தது. தந்தையார் அதற்குள் அந்தப் பெண்மணியிடம், "சாப்டியாம்மா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தமிழரல்லர், ஆயினும் புரிந்துகொண்டு சிரித்தார்.

ஏழு வாரத்தில் கடிகாரம் தபாலில் வந்து சேர்ந்தது. கடிதத்தில், தங்கள் பொறுமைக்கு நன்றி என்று இருந்தது. தந்தையார் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மன்றத்தின் காகிதத்தை எடுத்துவரச் சொல்லி, தமிழில் ஒருமுறை முழுதும் படிக்கச் சொன்னார். படித்தோம். கையாளுகை பற்றிய வரி வந்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதை நாலாக மடித்து, உத்தரவாதச் சீட்டின் அடியில், கடிகாரப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு, முன்பு பெரட்டுக்கு எழுந்த நேரத்தில், அதற்குச் சாவி கொடுக்கின்றார். கட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. கோழிக்குத் தீனி வைக்கப் போகும்போது பழைய ஜப்பான் கடிகாரம்தான்.